பஃபர் நிரம்பும் முன்னும் பின்னும்

கேமரா கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்து வரப்படும் பலவற்றில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. “பட்டனை அழுத்தினா எடுக்கவே மாட்டேங்குது சார், கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடுது” என்பார்கள். துருவிக் கேட்டால், கோமுகி அணைக்கரையில் மீன்கொத்தி தண்ணீருக்குள் பாய்ந்தபோது நடந்திருக்கும்; அல்லது கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டியபோது. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்திருப்பார்கள். கேமரா பத்துப் படமோ இருபது படமோ சடசடவென்று எடுத்துவிட்டு, நொண்டத் தொடங்கியிருக்கும். பஃபர் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான்.

கேமரா வாங்கும்போது மெகாபிக்சல் கேட்கிறோம், லென்ஸ் கேட்கிறோம், வினாடிக்கு எத்தனை படம் என்றுகூடக் கேட்கிறோம். அந்த வேகத்தில் எத்தனை வினாடி தாக்குப்பிடிக்கும் என்று கேட்பவர் குறைவு. கல்வராயன் மலைக்குக் கேமராவோடு ஏறுகிறவருக்கு அந்தக் கேள்வியின் விடைதான் அதிகம் உதவும்.

கச்சிராயபாளையம் பக்கத்தவர்களுக்குப் பஃபர் என்றால் என்ன என்று விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை கொட்டினால் ஓடைகளின் தண்ணீர் ஒரே நாளில் திரண்டு கோமுகி அணைக்கு வருகிறது. வயலுக்குப் போகும் வாய்க்கால் அந்த வேகத்தில் வாங்காது. வரத்து வேகமாக, செலவு மெதுவாக. நடுவில் தாங்கிக்கொள்ள 46 அடி அணை. கேமராவில் சென்சார்தான் மலை, மெமரி கார்டுதான் வாய்க்கால், பஃபர்தான் அணை. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. அணை நிரம்பினால் உபரி நீரை ஆற்றில் திறந்துவிடலாம். கேமராவுக்கு உபரி மதகு கிடையாது. நிரம்பிவிட்டால் அது மழையையே நிறுத்திவிடும். அதாவது ஷட்டர் இயங்க மறுக்கும்.

படம் போகும் பாதை

ஷட்டர் திறந்து மூடியதும் சென்சாரில் இருப்பது படம் அல்ல, ஒவ்வொரு பிக்சலிலும் சேர்ந்த மின்னூட்டம். அது வரிசை வரிசையாகப் படிக்கப்பட்டு எண்ணாக மாற்றப்படுகிறது. அந்த எண்கள் முதலில் போய் இறங்கும் இடம் டிராம் வகை நினைவகம்; பஃபர் என்பது இதுதான். கம்ப்யூட்டரில் ரேம் என்கிறோமே, அதே இனம். கேமராவின் பிராசஸர் அங்கிருந்து எடுத்து, ஜேபெக் என்றால் நிறம் சேர்த்து, இரைச்சலைக் குறைத்துச் சுருக்கி, ரா கோப்பு என்றால் அப்படியே சுருக்கி, மறுபடியும் அதே நினைவகத்தில் ஓர் ஓரமாக வைக்கிறது. பிறகுதான் கார்டுக்கு அனுப்புகிறது. ஒரு படம் பஃபருக்குள் இரண்டு உருவில் தங்குகிறது என்பதைக் கவனியுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன், லென்ஸ் கரெக்‌ஷன் போன்றவற்றைப் போட்டுவைத்தால் தொடர்ச்சியாக எடுக்கும் எண்ணிக்கை சில கேமராக்களில் குறைவது இந்த நடு வேலையால்தான்.

டிராம் வேகமானது, ஆனால் மின்சாரம் நின்றால் எல்லாம் மறந்துவிடும். கார்டு மெதுவானது, ஆனால் மறக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே கேமரா படும் பாடு நேற்று வந்ததல்ல. கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் 1975-இல் செய்த முதல் டிஜிட்டல் கேமராவிலேயே அது இருந்தது. 100-க்கு 100 பிக்சல், அதாவது மொத்தமே பத்தாயிரம் புள்ளிகள். படத்தைப் பிடித்து நினைவகத்தில் போட 50 மில்லிவினாடி; அதைக் கேசட் நாடாவில் எழுத 23 வினாடி. நாடா போய் கார்டு வந்துவிட்டது. சென்சாரும் அதே வேகத்தில் வளர்ந்துவிட்டதால் இடைவெளி மட்டும் மூடவே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு

24 மெகாபிக்சல் கேமரா என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சலுக்கு 14 பிட் என்றால் ஒரு படத்துக்கு 33.6 கோடி பிட். எட்டால் வகுத்தால் 42 எம்பி. வினாடிக்குப் பத்துப் படம் என்றால் 420 எம்பி. சாதாரண யுஎச்எஸ்-1 எஸ்டி கார்டின் ஏட்டுவேகமே வினாடிக்கு 104 எம்பிதான். நடைமுறையில் அதற்கும் குறைவு. சுருக்கிய ரா கோப்பு ஏறத்தாழ 25 எம்பிக்கு வரும் என்று கொண்டாலும் வினாடிக்கு 250 எம்பி வந்து விழுகிறது.

இப்போது பஃபரில் 500 எம்பி இடம் இருப்பதாக எடுத்துக்கொண்டு மூன்று கார்டுகளைப் போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு 30 எம்பி எழுதும் கார்டு என்றால் பஃபர் 220 எம்பி வேகத்தில் நிரம்பும். சுமார் 2.3 வினாடி, 23 படம். அதன்பின் வினாடிக்கு ஒரு படம் என்று நொண்டும். முழுதும் காலியாக 17 வினாடி. 80 எம்பி கார்டு என்றால் 29 படம், காலியாக ஆறேகால் வினாடி. 200 எம்பி கார்டு என்றால் பத்து வினாடி தாங்கும், நூறு படம், இரண்டரை வினாடியில் காலி.

30-லிருந்து 80-க்குப் போனதில் முதல் அழுத்தலில் கூடக் கிடைத்தது ஆறே ஆறு படம். அதற்காகவா காசு கொடுத்தோம் என்று தோன்றும். ஆனால் பஃபர் காலியாகும் நேரம் மூன்றில் ஒன்றாகிவிட்டது. பறவை ஒரு முறை பாய்ந்து தவறவிட்டு, பத்து வினாடி கழித்து மறுபடி பாயும்; அப்போது உங்கள் கேமரா தயாராக இருக்கிறதா என்பதுதான் விஷயம். நல்ல கார்டு முதல் தொடருக்கு உதவுவதைவிட இரண்டாவது தொடருக்குத்தான் அதிகம் உதவும்.

கேமராக்களுக்குள் இருக்கும் இடைவெளியும் பெரியது. நம் ஊர்களில் முதல் கேமராவாகப் பலர் வாங்கிய கேனன் 1500டி வினாடிக்கு மூன்று படம் எடுக்கும். ரா கோப்பாக 11 படத்தோடு மூச்சு வாங்கும், ஜேபெக் என்றால் 150 வரை போகும். 2016-இல் வந்த நிக்கான் டி500 வினாடிக்குப் பத்துப் படம் வீதம், வேகமான கார்டு இருந்தால், ரா கோப்பாகவே 200 வரை எடுத்துவிடும். முதலாவதை வைத்திருப்பவர் மனம் தளர வேண்டாம். வினாடிக்கு மூன்று என்ற நிதானத்தில் 11 படம் ஏறக்குறைய நான்கு வினாடி வரும். மலையில் நடக்கும் பெரும்பாலான விஷயங்கள் அதற்குள் முடிந்துவிடும், எப்போது அழுத்துவது என்று தெரிந்தால்.

உங்கள் கேமராவின் உண்மையான எண்ணிக்கையை மலையேறும் முன்பே வீட்டு மொட்டைமாடியில் கண்டுபிடித்துவிடுங்கள். ஃபோகஸை மேனுவலில் வையுங்கள், ஷட்டர் 1/500, வழக்கமாகப் பயன்படுத்தும் கார்டு, வழக்கமான கோப்பு வகை. இலை அடர்ந்த மரம் ஒன்றை நோக்கி விரலை எடுக்காமல் அழுத்துங்கள். செல்போனில் ஒலியைப் பதிவு செய்துகொண்டால் எந்த இடத்தில் தாளம் தப்புகிறது என்று பிறகு கேட்டு எண்ணிவிடலாம். விரலை எடுத்ததும் கார்டு விளக்கு அணைய எத்தனை வினாடி ஆகிறது என்றும் பாருங்கள். இந்த இரண்டு எண்களையும் சின்ன ஸ்டிக்கரில் எழுதிக் கேமராவின் அடியில் ஒட்டிவிடுவது நல்லது. கார்டை மாற்றினால் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும்.

மரத்தை நோக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அணைக்கு மேலே வெறும் வானத்தில் பறக்கும் கொக்கை எடுத்தால் கோப்பு சிறியது, சுருக்குவதற்கு எளிது. அதே கொக்கு மலைச்சரிவுக் காட்டின் பின்னணியில் பறந்தால் ஒவ்வொரு இலையும் ஒரு விவரம், கோப்பு பெருத்துவிடும். அந்தி நேரத்தில் ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றினால் இரைச்சல் புள்ளிகளும் விவரமாகவே கணக்கில் சேரும், கோப்பு இன்னும் பெருக்கும். ஆகவே காலையில் 30 படம் தந்த கேமரா சாயங்காலம் 22-லேயே நின்றால் பழுது என்று பயப்பட வேண்டாம்.

கார்டு வாங்கும் கலை

கார்டின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். நமக்கு வேண்டியது எழுதும் வேகம். அது அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. வி30 என்ற குறி இருந்தால் குறைந்தது வினாடிக்கு 30 எம்பி தொடர்ந்து எழுதும் என்று பொருள். வி60, வி90 அப்படியே. உங்கள் கேமராவின் துளை யுஎச்எஸ்-1 மட்டுமே ஏற்கும் என்றால் விலை உயர்ந்த யுஎச்எஸ்-2 கார்டு வாங்குவது வீண். வேலை செய்யும், ஆனால் பழைய வேகத்தில்தான். கார்டின் பின்பக்கம் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருந்தால் யுஎச்எஸ்-2. கேமரா அதை ஆதரிக்கிறதா என்று கையேட்டில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இரண்டு துளை உள்ள கேமரா வைத்திருக்கும் கல்யாணப் போட்டோகிராபர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு கார்டிலும் ஒரே படத்தைப் பதிவு செய்யும் பேக்கப் முறை நல்ல பழக்கம். ஆனால் ஒன்றில் வேகமான கார்டும் மற்றதில் மேசை இழுப்பறையில் கிடந்த பழைய கார்டும் போட்டால் கேமரா பழையதன் வேகத்தில்தான் நகரும். முகூர்த்த நேரத்தில் பஃபர் நிரம்பி நிற்பதற்கு நான் பார்த்தவரை இதுவே முதல் காரணம். அடுத்த காரணம், தேவையே இல்லாமல் ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்து எடுப்பது.

போலி கார்டுகளும் உலவுகின்றன. வாங்கியவுடன் கம்ப்யூட்டரில் முழுக் கொள்ளளவுக்கும் கோப்புகளை நிரப்பி, திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். இதற்கென்றே இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பிறகு கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். இந்த வேலையெல்லாம் கள்ளக்குறிச்சியிலேயே முடிந்திருக்க வேண்டும், வெள்ளிமலை பஸ் ஏறிய பிறகு அல்ல.

அணைக்கரையில்

பறவை எடுக்கப் பழகுகிறவர்கள் மீன்கொத்தியில் தொடங்காதீர்கள், பஞ்சுருட்டானில் தொடங்குங்கள். சாலையோர மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பச்சைப் பறவை பறந்துபோய் ஒரு தட்டானைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். இறங்கும் இடம் முன்கூட்டியே தெரிவதால் ஃபோகஸை அங்கே வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். கிளம்பும்போது மூன்று நான்கு படம், விரலை எடுங்கள். திரும்பும்போது ஐந்தாறு படம், விரலை எடுங்கள். எடுக்கும் நேரத்தைவிட எடுக்காத நேரத்தில்தான் பஃபர் உங்களுக்காக உழைக்கிறது. இந்தத் தாளம் கைக்கு வந்துவிட்டால் சின்னக் கேமராவின் பஃபர்கூட நிரம்பாது.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி அடுத்த பாடம். அது தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். புதியவர்கள் அந்த நிற்றலிலேயே மயங்கிப் பஃபரை நிரப்பிவிடுவார்கள். பிறகு அது தலைகுப்புறப் பாயும், அப்போது கேமரா எழுதிக்கொண்டிருக்கும். நிற்கும்போது இரண்டே படம் எடுங்கள். அலகைத் தாழ்த்தி உடலைச் சுருக்கும் கணம் வரும்வரை மீதி முழுவதையும் கையில் வைத்திருங்கள். நிக்கானில் ஷட்டரைப் பாதி அழுத்தினால் வியூஃபைண்டரில் ‘ஆர்’ எழுத்தோடு மீதி எண்ணிக்கை தெரியும். கேனன் தொடக்கநிலைக் கேமராக்களில் ஒற்றை இலக்க எண்ணாகத் தெரியும். ஒன்பது என்றால் ஒன்பதோ அதற்கு மேலோ. ‘பிஸி’ என்று எழுத்து வந்தால் முடிந்தது.

கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் ஐந்தில் ஒரு பங்கு வினாடி போய்விடுகிறது. மீன்கொத்திக்கு அது போதும். இதற்குப் பஃபரைக் கொண்டே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஷட்டரைப் பாதி அழுத்திய கணத்திலிருந்து கேமரா படங்களைப் பஃபரில் சுழற்சியாகப் போட்டுக்கொண்டே இருக்கும். புதியது வரவரப் பழையது அழியும். நீங்கள் முழுதாக அழுத்தும்போது, அழுத்துவதற்கு முந்தைய கணங்களும் கார்டுக்குப் போய்விடும். ஒலிம்பஸ் இ-எம்1 மார்க் 2 கேமராவில் 2016-இலேயே முந்தைய 14 படங்களை இப்படி மீட்க முடிந்தது. கேனன் ஆர்7 அரை வினாடியை மீட்கும். நிக்கான் இசட்9-இலும் உண்டு, ஆனால் ஜேபெக் மட்டும். உங்கள் கேமராவில் இந்த வசதி இருந்தும் மெனுவுக்குள் தூங்கிக்கொண்டிருக்கலாம். பல செல்போன்களும் இதே சுழல் முறையில்தான் படம் எடுக்கின்றன. பொத்தானைத் தொட்டதும் தாமதமே இல்லாததுபோல் தோன்றுவது அதனால்தான்.

செல்போன் என்றதும் இன்னொன்று. சோனி 2017-இல் சென்சாரின் அடுக்குக்குள்ளேயே 1 ஜிகாபிட் டிராமைச் செருகிக் காட்டியது. அதன்பின் வந்த எக்ஸ்பீரியா எக்ஸ்இசட் பிரீமியம் வினாடிக்கு 960 சட்டகம் வீதம் வீடியோ பிடித்தது, ஆனால் ஒரு வினாடிகூட அல்ல, அதில் ஒரு சிறு துண்டு நேரத்துக்கு மட்டும். அணை அவ்வளவு சிறியது. அதே ஆண்டு சோனி ஏ9 இதே அடுக்கு உத்தியோடு வினாடிக்கு 20 படம் வீதம் 241 ரா கோப்புகளை எடுத்தது.

அருவியில்

கல்வராயன் மலையின் பெரியார் அருவிக்கும் மேகம் அருவிக்கும் போகிறவர்கள் பஃபரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஒரு படத்துக்குப் பல வினாடி திறந்துவைத்துத் தண்ணீரைப் பால்போல ஆக்குவதுதான் நோக்கம். அங்கேதான் கேமரா இன்னொரு விதமாக அடம்பிடிக்கும். 30 வினாடி எடுத்தால், முடிந்த பிறகும் 30 வினாடி திரை இருண்டே கிடக்கும். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற அமைப்பு வேலை செய்கிறது என்று பொருள். கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு அதே நேரத்துக்கு ஓர் இருட்டுப் படம் எடுக்கும். சென்சாரின் சூட்டால் தோன்றிய புள்ளிகளை அதிலிருந்து கண்டுபிடித்து, பஃபரில் காத்திருக்கும் முதல் படத்திலிருந்து கழிக்கும். பொறுமையிழந்து பேட்டரியைக் கழற்றினால் முதல் படமும் போயிற்று. வெளிச்சம் வேகமாக மாறும் மாலையில் இதை அணைத்துவிடுங்கள். புள்ளிகளைப் பிறகு கம்ப்யூட்டரில் நீக்கிக்கொள்ளலாம். அருவியில் குளிப்பவர்களின் கும்மாளத்தை எடுக்க வேண்டுமென்றால் ஜேபெக்கில் தொடர்ச்சியாக எடுப்பதே போதும். குளிப்பவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கூவாகத்தில்

உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்குச் சித்திரையில் வரும் கேமராக்களுக்குக் கணக்கில்லை. இரவில் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் வேளை, குவியலாக எரியும் கற்பூரம், காலையில் தேர் என்று எடுக்க எவ்வளவோ இருக்கிறது. தொழில்நுட்பமாகச் சொன்னால் இரவு வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ ஏறும், கோப்பு பெருக்கும், பஃபர் சீக்கிரம் நிரம்பும். ஃபிளாஷ் போட்டுத் தொடர்ச்சியாக எடுத்தால் இரண்டாவது மூன்றாவது படத்திலிருந்து ஃபிளாஷ் மின்னேற்றம் போதாமல் படம் கருத்துவிடும். தேர் நகரும் கணத்துக்கும், கற்பூரத் தீ எழும்பும் கணத்துக்கும் தொடர்முறையை வைத்துக்கொள்ளுங்கள்.

தேர் பந்தலடி என்ற இடத்துக்குப் போன பிறகு தாலி அறுத்து ஒப்பாரி வைக்கும் நேரத்துக்கு என் கருத்து வேறு. கேமராவை ஒற்றைப் படத்துக்கு மாற்றிவிடுங்கள், சைலண்ட் ஷட்டர் இருந்தால் அதைப் போடுங்கள். அழுகிற ஒருவரின் முகத்துக்கு எதிரே வினாடிக்குப் பத்து முறை சடசடத்தால் அவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்தாலே போதும். பஃபரில் இடம் இருக்கிறது என்பது எடுப்பதற்கான அனுமதி அல்ல. முன்பே பேசிப் பழகி, சம்மதம் பெற்று, ஒரே ஒரு படம் எடுத்தவரின் படம்தான் பெரும்பாலும் நன்றாகவும் இருக்கிறது.

மலையிறங்கும் முன்

கார்டு துளைக்குப் பக்கத்தில் ஒரு சிறு விளக்கு எரியும். அது எரிந்துகொண்டிருக்கும்வரை கார்டு மூடியைத் திறக்காதீர்கள், பேட்டரியைத் தொடாதீர்கள். சுவிட்சை அணைத்தால் பொதுவாகக் கேமரா மீதியை எழுதி முடித்துவிட்டுத்தான் உறங்கும். பேட்டரியை உருவினால் பஃபரில் இருப்பது எல்லாம் அந்த நொடியே போய்விடும். எந்த மீட்பு மென்பொருளாலும் திரும்பாது, ஏனெனில் அந்தப் படங்கள் கார்டை ஒருபோதும் எட்டியதே இல்லை. எழுதும் நடுவில் கார்டை இழுத்தால் ஏற்கெனவே பதிந்தவையும் கெடக்கூடும்.

பேட்டரி கடைசிக் கோட்டில் இருக்கும்போது நீண்ட தொடர் எடுக்க வேண்டாம். மலையில் கார்டு மாற்ற வேண்டி வந்தால் நிழலில் உட்கார்ந்து, காற்றில் தூசி இல்லாத பக்கமாகத் திரும்பி, விளக்கு அணைந்ததை உறுதி செய்துகொண்டு மாற்றுங்கள். நிரம்பிய கார்டை உறையில் முகம் கீழாகவும் காலி கார்டை முகம் மேலாகவும் வைக்கும் வழக்கம் வைத்துக்கொண்டால், அவசரத்தில் எது எது என்ற குழப்பம் வராது.